கொழும்பு புறக்கோட்டையில் கடை எடுக்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுக்கடையில், சொத்துப் பத்திரங்கள் எழுதி அத்தாட்சிப்படுத்தும் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் லிகிதராக இருந்தேன். அதற்கு முன் நாலாம் குறுக்குத் தெருவில் அப்பாவின் வெங்காயக் கடையில் கணக்குக் கொப்பி எழுதினேன். கடை எடுக்கப் போகிறவர்களும், "இடிக்கப் போறாங்களாம்" என்று கேள்விப்பட்டுப் பதறுகிறவர்களும் என்னிடம் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. கையெழுத்து வைக்கும் முன் கட்டாயம் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். ஆனால் எதைக் காட்ட வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

கடை பிடித்திருக்கிறது, வாடகையும் பேசியாகிவிட்டது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

வாடகை பேசும் முன்பே பார்த்திருக்க வேண்டியது: வாடகை பேசுகிறவருக்கு அந்தக் கட்டடத்தில் என்ன உரிமை? புறக்கோட்டையில் ஒரு கடைக்கு ஒரே சொந்தக்காரர் இருப்பது குறைவு. பாட்டனார் வாங்கிய கட்டடம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பிரிக்காமலே இறங்கியிருக்கும். வாடகை வாங்குகிற அண்ணனுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்குதான் இருக்கும். ஒரு பங்காளி எழுதித் தரும் குத்தகை அவருடைய பங்கை மட்டுமே கட்டும். மற்றவர்கள் பிரிவினை வழக்குப் போட்டால் உங்கள் கதி அந்த வழக்கின் முடிவோடு கட்டப்பட்டுவிடும்.

ஆகவே உறுதியின், அதாவது சொத்துப் பத்திரத்தின், பிரதியைக் கேட்டு வாங்கி, காணிப் பதிவகத்தில் அந்த இடத்துக்கான பதிவுத் தாளை எடுத்துப் பாருங்கள். சொந்தக்காரர்கள் யார், வழக்குப் பதிவாகியிருக்கிறதா, வங்கிக்கு ஈடு வைத்திருக்கிறார்களா என்பது அதில் தெரியும். ஈடு இருந்தால் கவனம். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, கடன் கட்டாதவரின் சொத்தை வழக்கில்லாமல் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தோடு ஏலத்தில் விற்க வங்கிக்கு அதிகாரம் உண்டு. உங்கள் குத்தகைக்கு முன்பே ஈடு பதிவாகியிருந்தால், வங்கியின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

கோவில், பள்ளிவாசல் சொத்து என்றால் கையெழுத்து வைக்கும் தர்மகர்த்தாவுக்கு எத்தனை வருடத்துக்குக் குத்தகை கொடுக்க அதிகாரம் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

வாய்ப் பேச்சுப் போதாதா? இந்தத் தெருவில் எல்லாரும் அப்படித்தானே எடுக்கிறார்கள்?

போதாது. இந்தப் பக்கம் முழுவதிலும் நான் சொல்ல நினைப்பது இந்த ஒன்றைத்தான்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவானாலும் நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்கிறது அது. கையைப் பிடித்து "அஞ்சு வருஷம் இருங்கோ தம்பி" என்று சொன்னாலும், வெறும் தாளில் ஐந்து வருடம் என்று எழுதி இருவரும் கையெழுத்து வைத்தாலும், சட்டத்தின் கண்ணில் நீங்கள் மாத வாடகைக்காரர்தான்.

அப்பா 1991இல் அந்தக் கடையை எடுத்தபோது பத்திரிகைத் தாளில் சுற்றிய மூன்று இலட்சம் ரூபாவைக் கீ மணியாக, அதாவது கடையைத் தருவதற்காக வாடகைக்கு மேலே கேட்கும் பணமாக, கொடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். அதற்கு ரசீது இல்லை. மாதா மாதம் கொடுத்த வாடகைக்கு மட்டும் ரசீது வந்தது. நீல நிறக் காபன் பிரதி, மேலே தேதி, நடுவில் தொகை, கீழே "மாத வாடகை" என்ற இரண்டு சொல். அவற்றை லாச்சிக்கு மேலே தொங்கிய கம்பியில் குத்தி வைப்பார். பதின்மூன்று வருட ரசீது அந்தக் கம்பியில் இருந்தது. கட்டடம் கைமாறியபோது வந்த கடிதம் மூன்று மாத அவகாசம் கொடுத்தது. பதின்மூன்று வருடம் உழைத்த இடத்தில் எங்களுக்கு என்ன உரிமை என்பதை அந்த இரண்டு சொல்லே சொல்லியது. கீ மணி திரும்பவில்லை. புதிய இடத்துக்கு மாறியபின் நாலாம் குறுக்குத் தெரு வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வரவில்லை.

நொத்தாரிசு உறுதியாக எழுதுங்கள். பிறகு அதைக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். எழுதிவிட்டுப் பதியாமல் விடுவதும் ஆபத்து: அதே சொத்தை விலை கொடுத்து வாங்கிய இன்னொருவர் தன் உறுதியை உங்களுக்கு முன் பதிந்துவிட்டால், பதியாத உங்கள் உறுதி அவருக்கு எதிராக நிற்காது. முத்திரைத் தீர்வையும் நொத்தாரிசுக் கட்டணமும் செலவுதான். வாசல் போர்ட்டுக்குக் கொடுக்கும் பணத்தோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாடகைச் சட்டம் என்னைக் காப்பாற்றும் என்கிறார்களே?

சிலரைக் காப்பாற்றும். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்குள் உங்கள் கடை வந்தால், மாத வாடகைக்காரராக இருந்தாலும் சொந்தக்காரர் நினைத்தபடி வெளியேற்ற முடியாது. வாடகை நிலுவை, அனுமதியில்லாமல் கீழ்வாடகைக்கு விட்டது என்று சட்டம் சொல்லும் காரணம் ஒன்றோடு நீதிமன்றம் போக வேண்டும்.

எல்லாக் கடையும் அதற்குள் வராது. வியாபார இடங்களுக்கு, 1968 ஜனவரி முதலாம் திகதி மாநகர சபை மதிப்பீட்டில் இருந்த ஆண்டுப் பெறுமதியைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். அந்தப் பெறுமதி சட்டம் சொல்லும் எல்லையைத் தாண்டினால் கடை விலக்களிக்கப்பட்டது. கொழும்பு மாநகர சபையில் அந்தப் பழைய மதிப்பீட்டுப் பதிவின் சான்றுப் பிரதியை எடுக்கலாம். அப்பாவின் கடைக்கு அதை ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை. எடுத்திருந்தால் வழக்காட ஒரு வழி இருந்ததா என்றாவது தெரிந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை: இந்தச் சட்டத்துக்குள் வரும் கடையில் ஒரு மூலையை இன்னொருவருக்கு, கைபேசி திருத்துகிறவருக்கோ கடிகாரக்காரருக்கோ, வாடகைக்குக் கொடுக்கிறீர்களா? சொந்தக்காரரின் எழுத்து மூலச் சம்மதம் முன்கூட்டியே வேண்டும். இல்லாவிட்டால் முழுக் கடையையும் இழக்க அதுவே காரணமாகும்.

கீ மணி திரும்பக் கிடைக்குமா?

வாடகைச் சட்டத்துக்குள் வரும் கடைக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் கேட்பதும், அதற்கு வெளியே வேறு பணம் கேட்பதும் தடை. அதனால்தான் ரசீது தருவதில்லை. ரசீது இல்லாத பணத்தை எப்படிக் கேட்பது?

சட்டத்துக்குள் வராத கட்டடமென்றால் கொடுக்கும் முழுத் தொகையையும் உறுதிக்குள் எழுதச் சொல்லுங்கள். "திருப்பிக் கொடுக்கப்படும் முற்பணம்" என்று எழுதுவதற்கும் சும்மா "முற்பணம்" என்று எழுதுவதற்கும் வித்தியாசம் பெரிது. எத்தனை நாளில் திருப்புவது, சாவி கொடுக்கும் முன்பா பின்பா என்பதும் எழுத்தில் வர வேண்டும். "அதையெல்லாம் எழுதத் தேவையில்லை முதலாளி, நம்பிக்கைதானே" என்று சொல்லும் தரகரிடம், நம்பிக்கை இருப்பதால்தான் எழுதக் கேட்கிறேன் என்று சொல்லுங்கள்.

முப்பது வருடமாக இருக்கிறேன். கடை எனக்குச் சொந்தமாகாதா?

ஆகாது. பத்து வருடம் எதிரிடையாக ஆண்டால் உரிமை வரும் என்ற ஆட்சியுரிமை விதி, வாடகை கொடுத்து இருப்பவருக்குப் பொருந்தாது. வாடகை கொடுக்கும் ஒவ்வொரு மாதமும் அது இன்னொருவருடைய சொத்து என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

கட்டடத்தை ஒரு கம்பனி வாங்கிவிட்டது. நாளைக்கே வெளியேற வேண்டுமா?

பதிந்த குத்தகை இருந்தால் வேண்டாம். நம்முடைய ரோமன் டச்சுச் சட்டத்தில் விற்பனையைவிடக் குத்தகைக்கு முந்திய இடம். வாங்கியவர் உங்கள் குத்தகையோடு சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறார். மிச்ச வருடங்களுக்கு அவர் கட்டுப்பட்டவர். நீங்கள் வாடகையை அவருக்குக் கொடுக்க வேண்டும். பழையவரிடமிருந்தோ புதியவரிடமிருந்தோ எழுத்தில் அறிவித்தல் வரும் வரை யாரிடம் கொடுப்பது என்று குழம்பி நிற்காதீர்கள். சட்டத்தரணி மூலம் கேட்டு எழுதுங்கள், பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.

ஆனால் உறுதியைத் திரும்பப் படியுங்கள். "சொந்தக்காரர் கட்டடத்தை விற்கவோ இடிக்கவோ தீர்மானித்தால் மூன்று மாத அறிவித்தலோடு குத்தகையை முடிக்கலாம்" என்று ஒரு வரி உள்ளே இருந்தால், மேலே சொன்ன பாதுகாப்பெல்லாம் அந்த வரியோடு போய்விடும். பத்து வருடக் குத்தகை என்று மகிழ்ந்து கையெழுத்து வைத்த எத்தனையோ பேருக்கு உண்மையில் இருந்தது மூன்று மாதம்தான்.

அந்த இடித்துக் கட்டும் வரியைச் சொந்தக்காரர் எடுக்க மறுக்கிறார். என்ன செய்வது?

எடுக்கச் சொல்லிச் சண்டை பிடிக்க வேண்டாம். பழைய கட்டடத்தை ஒரு நாள் கட்டத்தான் வேண்டும். மேல்மாடிப் பலகை இற்றுப்போய், மழைக்கு வாளி வைக்கும் கடைகள் எத்தனை! வரி இருக்கட்டும், அதை நிரப்புங்கள்.

அறிவித்தல் குறைந்தது ஆறு மாதம். அதுவும், கட்டடத்துக்கான அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் கையில் கிடைத்த பின்தான் அந்த அறிவித்தல் கொடுக்கலாம் என்று எழுதுங்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையின் சட்டம் 1978ஆம் ஆண்டினது. அதன் கீழ் அறிவிக்கப்பட்ட பகுதியில் அனுமதியில்லாமல் கட்ட முடியாது. அனுமதி வரும் முன்பே கடைகளைக் காலி செய்து, வருடக்கணக்கில் தகரம் அடைத்துக் கிடக்கும் இடங்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஷட்டர், சீலிங், மூன்று ஃபேஸ் மின் இணைப்பு, ஏசி என்று நீங்கள் போட்டவற்றைப் பட்டியலாக்கி, பில் பிரதிகளோடு இணைப்பாகச் சேருங்கள். எத்தனை வருடத்துக்குள் இடித்தால் எத்தனை வீதம் திருப்பித் தருவது என்று குறியுங்கள்.

அப்புறம் புதிய கட்டடத்தில் இடம். எங்கள் அலுவலகத்துக்கு ஒருவர் தன் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம், தெருவைப் பார்த்த கடை, பதினெட்டு அடி முகப்பு. ஒப்பந்தத்தில் "புதிய கட்டடத்தில் ஒரு கடை வழங்கப்படும்" என்று இருந்தது. வழங்கினார்கள், இரண்டாம் மாடியில், படிக்குப் பின்னால். லொறியில் இருந்து மூட்டையைத் தோளில் எடுக்கிற நாட்டாமை அங்கே ஏறுவாரா? ஊரிலிருந்து காலை ரயிலில் வந்து இரண்டு மணித்தியாலத்தில் சாமான் கட்டிக்கொண்டு போகிற கடைக்காரர் படி ஏறித் தேடுவாரா? அவர் கையில் இருந்த வரியின்படி சொந்தக்காரர் சொன்னதைச் செய்துவிட்டார். எந்தத் தளம், எந்தத் தெருவைப் பார்த்தது, முகப்பு எத்தனை அடி, உள்ளே எத்தனை சதுர அடி, வாடகை எந்தக் கணக்கில் என்று எழுதுங்கள். முடிந்தால் நில அளவையாளர் வரைந்த படத்தில் உங்கள் இடத்தைக் குறித்து, இருவரும் கையெழுத்து வைத்து உறுதியோடு இணையுங்கள்.

அரசாங்கமே வீதிக்கோ திட்டத்துக்கோ எடுத்தால் நட்டஈடு கிடைக்குமா?

1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தில், நட்டஈடு கோரக்கூடிய அக்கறையுள்ள ஆள் யார் என்று வரையறை இருக்கிறது. சொந்தக்காரர், இணைச் சொந்தக்காரர், ஈடு பிடித்தவர், குத்தகைக்காரர் எல்லாரும் அதில் வருகிறார்கள். மாத வாடகைக்காரர் வரமாட்டார் என்று அதே வரையறையில் சொல்லப்பட்டிருக்கிறது.

இதை முதன்முதலாக அலுவலகத்தில் வாசித்த அன்று எனக்கு அப்பாவின் ரசீதுக் கம்பிதான் ஞாபகம் வந்தது. ஒரே தெரு, ஒரே வாடகை, ஒரே வியாபாரம். பக்கத்துக் கடைக்காரர் நொத்தாரிசிடம் எழுதியிருந்தால் வர்த்தமானி அறிவித்தலுக்குப் பின் கோரிக்கை எழுதலாம். நீங்கள் வாய்ப் பேச்சில் எடுத்திருந்தால் இந்தச் சட்டத்தின் கீழ் எழுத இடமில்லை.

பெரியவர்கள் 83ஐப் பற்றியும் உறுதியைப் பற்றியும் சேர்த்துச் சொல்வது ஏன்?

1983 ஆடியில் புறக்கோட்டையில் தமிழர் கடைகள் எரிந்தபோது சரக்கோடு கடதாசிகளும் எரிந்தன. சேதமான சொத்துகளை அவசரகால விதிகளின் கீழ் அரசு பொறுப்பேற்று, புனர்வாழ்வுக்கென அமைத்த அதிகார சபையின் கீழ் கொண்டுவந்தது. திரும்பப் பெற, சொந்தக்காரரும் வாடகைக்காரரும் தங்கள் உரிமையைக் காட்ட வேண்டி வந்தது. காணிப் பதிவகத்தில் பதிந்திருந்தவருக்கு அங்கிருந்து பிரதி எடுக்க முடிந்தது. லாச்சிக்குள் மட்டும் வைத்திருந்தவருக்குச் சாம்பல்தான். அதனால்தான் எங்கள் ஆட்கள் உறுதியின் ஒரு பிரதியை வீட்டிலும் ஒன்றை ஊரிலும் வைத்தார்கள். அந்தப் பழக்கத்தை விடாதீர்கள்.

புதிதாக்கிய இடங்களுக்கு மாறுவது நல்லதா?

வியாபாரத்தைப் பொறுத்தது. பக்கத்தில் இருக்கும் கோட்டைப் பகுதியைப் பாருங்கள். 1996 ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பின் பாதைகள் அடைக்கப்பட்டு, மாலை ஐந்து மணிக்குப் பின் வெறிச்சோடிக் கிடந்த இடம். யுத்தம் முடிந்தபின் பாதைகள் திறந்தன. பழைய டச்சு வைத்தியசாலையைத் திருத்தி 2011இல் உணவகங்களும் கடைகளுமாகத் திறந்தார்கள். அது ஓடியது. சுற்றிலும் அலுவலகங்களும் ஹோட்டல்களும் இருந்தன. வருகிறவர் உட்கார்ந்து சாப்பிட வருகிறவர்.

2014இல் பஸ்தியன் மாவத்தைப் பக்கம் பேர வாவியில் மிதக்கும் சந்தை திறந்தபோதும் நிறையப் பேர் ஆசையோடு போனார்கள். பார்க்க அழகு. ஆனால் பஸ் பிடிக்க ஓடுகிற கூட்டம் அங்கே நின்று வாங்கவில்லை, வாவித் தண்ணீரின் மணம் வேறு. சில வருடங்களில் கடைகள் மூடத் தொடங்கின.

புறக்கோட்டையில் இருந்த மெனிங் மரக்கறி மொத்தச் சந்தை 2020 நவம்பரில் பேலியகொடைக்குப் போனது இன்னொரு பாடம். அங்கே வண்டி நிறுத்த இடம் இருக்கிறது, ஆயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் இருக்கின்றன. சந்தையில் இடம் இருந்தவர்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. சந்தையை நம்பிச் சுற்றிலும் இருந்த தேநீர்க் கடை, சாக்குக் கடை, தராசு திருத்துகிறவர்? அவர்கள் கடை இடிபடவில்லை, வாடிக்கையாளர் மட்டும் போய்விட்டார். ஆகவே உங்கள் கட்டடத்தை மட்டும் பார்க்காமல், உங்களுக்கு ஆள் கொண்டுவரும் இடம் எது, அதற்கு என்ன திட்டம் இருக்கிறது என்றும் விசாரியுங்கள்.

புது இடத்தில் கையெழுத்து வைக்கும் முன் மூன்று நாள் அங்கே நில்லுங்கள். ஒரு வேலை நாள், ஒரு சனிக்கிழமை, ஒரு போயா நாள். கையில் பையோடு வெளியே போகிறவர்களை எண்ணுங்கள். உள்ளே வருகிறவர்களை எண்ணினால் கணக்குப் பிழைக்கும்.

வாடகையை டொலரில் கேட்கிறார்கள்.

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபா. மே மாதத்தில் சுமார் 360. மாதம் 3,000 டொலர் என்று எழுதியவரின் வாடகை 6 இலட்சத்திலிருந்து 10 இலட்சத்து 80 ஆயிரமானது, விற்பனை படுத்துக் கிடந்த அதே மாதங்களில். உங்கள் வருமானம் ரூபாவில் என்றால் வாடகையும் ரூபாவில் இருக்கட்டும். வருடத்துக்கு இத்தனை வீதம் கூட்டுவது என்று பேசுங்கள். டொலர்தான் என்று நின்றால், ரூபாக் கணக்கில் ஓர் உச்ச எல்லை போடச் சொல்லுங்கள்.

வாடகையோடு வேறு என்ன செலவு வரும்?

சொந்தக்காரர் பெறுமதி சேர் வரிக்குப் பதிந்தவர் என்றால் வாடகைக்கு மேல் 18 வீதம். 5 இலட்சம் என்று பேசிய வாடகை 5 இலட்சத்து 90 ஆயிரமாகும். பேசிய தொகை வரியோடா, வரி இல்லாமலா என்று முதல் நாளே கேளுங்கள். மாத வாடகை ஓர் இலட்சத்தைத் தாண்டினால், வியாபாரத்துக்கு எடுத்தவர் 10 வீதம் நிறுத்திவைத்தல் வரியைப் பிடித்து இறைவரித் திணைக்களத்துக்குக் கட்ட வேண்டும். அது உங்கள் மேலதிகச் செலவு அல்ல, சொந்தக்காரருக்குப் போகும் பணத்தில் கழிவது. கழித்தால் சொந்தக்காரர் முகம் சுளிப்பார். அதனால் உறுதியிலேயே எழுதிவிடுங்கள். மாநகர சபைக்குக் கட்டும் சோலை வரி யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் வேண்டும். வருடம் முழுவதற்கும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு உண்டு.

சொந்தக்காரர் கனடாவில். அவருடைய மச்சான் கையெழுத்து வைப்பாராம்.

தன் சார்பில் கையெழுத்து வைக்கச் சொந்தக்காரர் எழுதிக் கொடுத்த அற்றோணித் தத்துவத்தின் மூலப்பிரதியைப் பாருங்கள். பதிந்திருக்கிறதா, குத்தகைக்குக் கொடுக்க அதிகாரம் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாடகை சேர்க்க மட்டும் அதிகாரம் கொடுத்த தத்துவங்களும் உண்டு. தத்துவம் கொடுத்தவர் இறந்தால் அதோடு அது முடிந்துவிடும். ஆகவே கையெழுத்து வைக்கும் கிழமையில் சொந்தக்காரரோடு வீடியோவில் கதைத்து, நலம் விசாரித்து, இந்தக் குத்தகை அவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சொந்தக்காரர் திடீரென்று வாடகை வாங்க மறுக்கிறார்.

வெளியேற்ற நிலுவையைக் காரணமாக்கப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாடகைச் சட்டத்துக்குள் வரும் கடையென்றால் மாநகர சபையில் அவர் பெயருக்கு வாடகையைக் கட்டி ரசீது வாங்கலாம். ஒரு மாதமும் தவற விடாதீர்கள்.

குத்தகை முடிந்தும் கொஞ்ச நாள் இருந்தால் என்ன?

முன்பெல்லாம் வழக்கு வருடக்கணக்கில் இழுபடும் என்று துணிந்து இருந்தார்கள். 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகை முடிந்த இடத்தைச் சுருக்க நடைமுறையில் மீட்க மாவட்ட நீதிமன்றத்தில் வழி கொடுத்திருக்கிறது. புதுப்பிக்கும் பேச்சை முடிவுக்கு ஒரு வருடம் முன்பே தொடங்குங்கள்.

என் கையில் இருப்பது பழைய ரசீதுகள் மட்டும்தான். இன்றைக்கு என்ன செய்யலாம்?

ரசீதுகளைத் தேதிப்படி அடுக்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காபன் எழுத்து மங்கிப் போகும். மாநகர சபையில் 1968 மதிப்பீட்டுப் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். காணிப் பதிவகத்தில் பதிவுத் தாளை எடுங்கள். மூன்றையும் ஒரு ஃபைலில் போட்டுச் சட்டத்தரணியிடம் கொடுத்து இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தக் கடை வாடகைச் சட்டத்துக்குள் வருமா? வராது என்றால், சொந்தக்காரர் விற்க நினைக்கும் முன் எத்தனை வருடத்துக்கு எழுதி வாங்கலாம்? சொந்தக்காரரிடம் போகும்போது வாடகையைக் கொஞ்சம் கூட்டித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே போங்கள். உறவு நன்றாக இருக்கும் காலத்தில்தான் அவரும் எழுதித் தருவார்.